டிரம் தண்ணி கசக்குது

கேப்சூலுக்குள்ளே இருப்பது வெறும் மாவு என்று ஊரே தீர்ப்பு எழுதிவிட்டது. இனி மிச்சம் அதைக் கொடுத்த முகாம் கம்பவுண்டரை அடித்துக் கொல்வதுதான். அதற்கும் மூன்று மணி என்று நேரம் குறித்தாகிவிட்டது.

மூன்று மணிக்கு அவனை லாக்கப்பிலிருந்து வெளியே எடுத்து கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்புக்கும் வேனுக்கும் நடுவே இருபது தப்படி. அந்த இருபது தப்படிக்கு இரண்டு பக்கமும் கல் குவாரி ஜனம் காலையிலிருந்தே வந்து நின்றுகொண்டிருந்தது. காலராவில் நான்கு நாளில் பத்தொன்பது பிணம் தூக்கிய ஜனம். முந்தானையிலும் துண்டிலும் ஜல்லிக்கல்.

"என்கிட்ட ஆறு லத்தி இருக்கு. அவங்ககிட்ட ஒரு மலையே இருக்கு. நான் என்ன பண்ண?" என்று இன்ஸ்பெக்டர் கையை விரித்துவிட்டார்.

கம்பவுண்டரின் மனைவி அழவில்லை. கழுத்தில் கிடந்ததைக் கழற்றி வார்டனின் மேஜையில் வைத்தாள். வார்டன் அதை எடுத்து அவள் கையிலேயே திணித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வார்டனுக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்தாறு வருஷம் பெண்கள் ஜெயிலில் வார்டனாக இருந்து ரிட்டயர் ஆனவள். இப்போது சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ். கூட இருப்பவன் ஹாரன். லாரி கிளீனராக இருந்தவன், வாய் மூடாதவன், அதனால் அந்தப் பெயர்.

"வார்டன், மணி பதினொண்ணு," என்றான் ஹாரன், ஜீப்பை மருத்துவ முகாம் வாசலில் நிறுத்தி. "நாலு மணி நேரத்துல நம்மளால ஒரு டீ குடிச்சு முடிக்க முடியாது. இதுல கொலையாளியா?"

"கொலையாளின்னு எவன் சொன்னான்? எறங்கு."

முகாம் என்பது பழைய சிமெண்ட் குடோன். உள்ளே அறுபது கட்டில். ஒவ்வொரு கட்டிலின் நடுவிலும் வட்டமாக ஓட்டை, ஓட்டைக்குக் கீழே வாளி. வாளிக்குள் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி ஒழுகிக்கொண்டே இருந்தது. ஆளுக்குள் இருக்கும் தண்ணீரெல்லாம் கீழே போய், கண் குழிந்து, விரல் நுனி துணி துவைத்த கைபோலச் சுருங்கி, குரல் இல்லாமல் கிடந்தார்கள். குளோரின் நாற்றம் ஹாரனின் மூக்கில் ஆணி அடித்தது.

டாக்டரம்மா மூன்று நாளாகத் தூங்காதவள். பேசும்போதே கை ஒரு சலைன் பாட்டிலை மாற்றியது.

"உயிரைப் பிடிச்சு வெக்கிறது சலைனும் உப்பு சர்க்கரைத் தண்ணியும்தான். மாத்திரை குடுத்தா ஓட்டம் சீக்கிரம் நிக்கும், ஆளுக்குப் பாதி சலைன் போதும். இங்க நிக்கவே இல்ல. சலைன் நாளைக்குத் தீந்துடும்."

"மாத்திரை போலியா?"

"தெரியல. சோதிச்சுச் சொல்ல ஒரு வாரம் ஆகும்."

"ஒரு வாரத்துல கம்பவுண்டருக்கு எலும்பு மிச்சம் இருக்காது," என்றான் ஹாரன். "வேற மருந்து எதுவும் இல்லையா டாக்டர்?"

"ஒண்ணு இருக்கு. நாப்பது பேருக்கு வரும். பழைய மாத்திரை போலியா இருந்தா, நல்ல சரக்கு சாயங்காலம் வருது, அதுவே போதும். நாப்பது பேர் மருந்தை அவசரப்பட்டுத் தொட்டுட்டா, நாளைக்கு நெஜமா வேணுங்கறப்போ கை வெறுங்கை."

வார்டனின் பார்வை வாசலில் நொண்டிக்கொண்டு நின்ற காவல்காரன்மேல் இருந்தது. கண்ணைக் காட்டினாள். ஹாரன் போனான்.

"என்னண்ணே, கால்ல கட்டு?"

"ஆணி குத்திடுச்சுப்பா. சீழ் வெச்சு, காலையே எடுத்துடுவாங்கன்னு பயந்தேன். இப்ப காஞ்சிருச்சு."

"என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடல. தானா ஆறிடுச்சு."

"தானா ஆறுற காலை இப்பதான் பாக்கறேன். என் காலும் இருக்கே, தானா நடக்கக்கூட மாட்டேங்குது." ஹாரன் அவன் சட்டைப் பையில் இரண்டு விரலை விட்டான். பளபளவென்று ஒரு மாத்திரை அட்டை வெளியே வந்தது. சிவப்பும் மஞ்சளுமாக நான்கு கேப்சூல் மிச்சம்.

காவல்காரன் முகம் செத்துப்போனது. "தம்பி, வேலை போயிடும்பா. ஒரே ஒரு அட்டைதான். அந்தப் பெட்டியில இருந்துதான் எடுத்தேன்."

"எந்தப் பெட்டி?" வார்டன் பின்னால் வந்து நின்றிருந்தாள்.

"நோயாளிங்களுக்குக் குடுக்கற அதே பெட்டிம்மா."

வார்டன் சிரித்தாள். இருபத்தாறு வருஷத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்த கைதிகள் யாரும் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள்.

"டாக்டரம்மா, அதே பெட்டி மாத்திரை. இவன் கால் சீழ் காஞ்சுபோச்சு. வெறும் மாவு சீழைக் காய வெக்குமா?"

டாக்டரம்மாவின் கை முதல் தடவையாக நின்றது. "வெக்காது."

"அப்ப மாத்திரை நல்ல மாத்திரை. கம்பவுண்டர் நல்லவன். கெட்டது வேற எதுவோ." வார்டன் காவல்காரனின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மூக்கும் கன்னமும் தோல் உரிந்து சிவந்திருந்தது. "இது என்ன?"

"வெயில்மா. நாலு நாளா வெயில் பட்டாலே எரியுது."

"இந்த மருந்து சாப்பிட்டா அப்படித்தான்," என்றாள் டாக்டரம்மா. "சிலருக்கு வெயில் தாங்காது, தோல் கருகிடும்."

வார்டன் திரும்பிக் கட்டில்களுக்கு நடுவே நடந்தாள். ஒவ்வொரு போர்வையாக விலக்கி, கையையும் பிடரியையும் பார்த்துக்கொண்டே போனாள். ஹாரனும் பார்த்தான். பிறந்ததிலிருந்து பாறையில் வேகிற ஜனம். அந்தத் தோலை வெயில் ஒன்றும் பண்ணாது. ஆனால் கட்டிலுக்குக் கட்டில் பிடரி கொப்பளித்து, ஆறி, அதன்மேல் மறுபடி கொப்பளித்து, வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்காக உரிந்திருந்தது. நான்கு நாள் மருந்தில் வருகிற உரிச்சல் இல்லை இது. மாசக்கணக்கில் வந்தது.

"மாமா, மருந்து மாத்திரை எதாவது சாப்பிடுவீங்களா, மாசக்கணக்கா?" ஒரு கிழவரின் காதில் குனிந்து கேட்டான் ஹாரன்.

"மாத்திரையா?" காற்றாக வந்தது குரல். "வாங்க எவன்கிட்ட காசு..."

ஏழாம் நம்பர் கட்டிலில் ஒரு சிறுமி. எட்டு வயசு இருக்கும். பக்கத்தில் யாரும் இல்லை. கழுத்தில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு மணிமாலை.

"அட, மகாராணி! நகை எல்லாம் பலமா இருக்கே. எந்தக் கடை?"

உதடு அசைந்தது. "அம்மா குடுத்துச்சு."

"அம்மா எங்க?"

"வேலைல. தண்ணி ஊத்த ஆள் இல்லன்னா வுட மாட்டாங்க." மூச்சு வாங்கினாள். "நீ கூட்டியாறியா?"

"இதோ போறேன். ஜீப்புல வெச்சு, ஹாரன் அடிச்சுக்கிட்டே கூட்டியாறேன்."

மாலையைத் தொட்டுப் பார்த்த அவன் கை அப்படியே நின்றது. அது மணி இல்லை. காலி கேப்சூல் ஓடு. நூலில் கோத்தது. ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. நூற்றுக்குக் குறையாது.

வார்டன் அதைப் பார்த்தாள். வாசல் வந்ததும் ஒரே வார்த்தை: "குவாரி."

*

குவாரி மூடியிருக்கவில்லை. பத்தொன்பது பேர் செத்தும் கிரஷர் கல்லை மென்றுகொண்டுதான் இருந்தது. அது துப்பிய தூசியில் ஆள், மரம், நாய் எல்லாம் ஒரே நிறம்.

"சாவு வீட்டுக்குக்கூட லீவு இல்லையாண்ணே?" என்று டிரில்காரரிடம் கேட்டான் ஹாரன்.

"போன வருஷம் இதே நோய் வந்தப்போ பத்து நாள் மூடினாங்க. அப்ப முதலாளி பட்ட வயித்தெரிச்சல் இருக்கே!" டிரில்காரர் மிஷினை நிறுத்தி உள்ளங்கையைத் துடைத்தார். செருப்புத் தோல் மாதிரி காய்ப்பு ஏறிய கை. ஆனால் பிடரி சுத்தமாக இருந்தது. கொப்பளம் இல்லை.

வார்டன் அதைத்தான் பிடித்தாள். "உங்களுக்கு மட்டும் ஏன் தோல் உரியல?"

"தெரியலயேம்மா. எல்லாரும் டிரம் தண்ணி குடிப்பாங்க, நான் வீட்டுல இருந்து கேன்ல கொண்டாருவேன். அந்த டிரம் தண்ணி கசக்குது. எட்டு மாசமா கசக்குது. கேட்டா டிரம் வாசனைங்கறாங்க."

ஓரத்தில் கீற்றுக் கொட்டகை. அதற்குள் நீல நிற பிளாஸ்டிக் டிரம், சங்கிலியில் கட்டிய டம்ளர். பக்கத்தில் ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் ஒரு கிண்ணத்தை வைத்துக்கொண்டு, பட்டாணி உரிப்பதுபோல் கேப்சூல் உரித்துக்கொண்டிருந்தாள். இழுப்பாள், மஞ்சள் பொடி கிண்ணத்தில் விழும், ஓடு தனியாகப் போகும். ஆள் வந்ததைப் பார்த்தும் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தெரியாது.

ஹாரன் ஜேம்ஸ்பாண்டு கணக்காகத் திட்டம் போட்டுக்கொண்டு வந்திருந்தான். எல்லாம் வீண்.

"என்னக்கா பண்றீங்க?"

"சத்து மருந்துப்பா. மேனேஜர் ஐயா குடுப்பாரு. ஒரு டிரம்முக்கு ஒரு அட்டை கலக்கச் சொன்னாரு. ஆளுங்க சோர்ந்து விழாம இருக்கணும்ல?" கிண்ணத்திலிருந்த பொடியை விரலால் இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதியை டிரம்மில் தட்டிக் கட்டையால் கலக்கினாள். மறு பாதியைக் காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகினாள்.

"அது?" என்றாள் வார்டன்.

அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "ஐயாகிட்ட சொல்லிடாதீங்கம்மா. முழுசா போட்டா கசப்பு அதிகமாவுது, எவனும் குடிக்க மாட்டேங்கறான். மிச்சத்தை என் மவளுக்கும் லைன் வீட்டுப் புள்ளைங்களுக்கும் ஆளுக்கு ஒரு சிட்டிகை நாக்குல வெப்பேன். வெறும் சோத்துல வளர்ற புள்ளைங்க. சத்து போனா நல்லதுதானே?"

"எத்தனை மாசமா?"

"மழை முடிஞ்சதுல இருந்து. எட்டு மாசம்."

வார்டன் கிரஷர் பக்கம் நடந்தாள். அங்கே சத்தம் காதைப் பிளந்தது. அந்தச் சத்தத்துக்குள் நின்றுகொண்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கத்தினாள். ஹாரன் மட்டும் பக்கத்தில் நின்று கேட்டான்.

"அந்த நாப்பது பேர் மருந்தை எடுங்க! இப்பவே! மாத்திரை போலி இல்ல, கிருமிக்குப் பழகிடுச்சு! எட்டு மாசமா இத்தனூண்டு இத்தனூண்டா எல்லாரு வயித்துக்கும் போயிருக்கு. சாகற அளவுக்கு இல்ல, பழகற அளவுக்கு! புது ஆளுக்குக் கடப்பாரை புடிச்சா மொத நாள் ரத்தம் வரும். தினம் புடிச்சா காய்ப்பு ஏறிடும். இந்தக் கிருமிக்குக் காய்ப்பு ஏறிடுச்சு டாக்டரம்மா!"

ஹாரன் திரும்பிக் கொட்டகையைப் பார்த்தான். அவள் டம்ளரைக் கழுவி ஒருவனுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் குடித்து முகத்தைச் சுளித்ததும் அவன் முதுகில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள்.

*

மேனேஜர் ஏசி அறையில் பாட்டில் தண்ணீர் குடித்தார்.

"எட்டு மாசமா ஒருத்தன் வயித்து வலின்னு லீவு போட்டதில்ல. எந்தக் குவாரியில பாத்திருக்கீங்க? தொழிலாளிக்கு மருந்து குடுத்தவனைப் பிடிக்க எந்தச் சட்டத்துல இடம் இருக்கு, சொல்லுங்கம்மா, கத்துக்கறேன்."

"எந்த டாக்டர் எழுதிக் குடுத்தாரு?"

"சத்து மாத்திரைன்னு கடைக்காரன் சொன்னான். வாங்கினேன். கலக்கினது என் கை இல்ல." சிரித்தார். "அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என்ன கலக்கினாளோ, எவ்வளவு கலக்கினாளோ."

"அட்டையில பேரு போட்டிருக்கு சார்," என்றான் ஹாரன். "உங்களுக்குப் படிக்கத் தெரியும்ல? இல்ல, நாற்காலி மட்டும்தான் படிச்சிருக்கா?"

மேனேஜர் அவனைப் பார்க்கவே இல்லை. போனை எடுத்து, "இன்ஸ்பெக்டர் இருக்காரா?" என்றார்.

வார்டன் வெளியே வந்தாள். மணி ஒன்றே முக்கால். "இவன் கையெழுத்துப் போட மாட்டான். அவ வாக்குமூலம் மட்டும்தான் இருக்கு. எழுது. மேனேஜர் குடுத்தது, எத்தனை அட்டை, எத்தனை மாசம், எல்லாம். ரேகை வாங்கிட்டு ஸ்டேஷனுக்குப் போயிடணும்."

டிரம்மின்மேல் காகிதத்தை வைத்து ஹாரன் எழுதினான். விஷயத்தைக் கேட்டதும் தண்ணிக்காரி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"கம்பவுண்டர் தம்பியையா அடிக்கப் பாக்கறாங்க? ஐயோ, தங்கமான புள்ளையாச்சே! என் மவளுக்கு ராத்திரியெல்லாம் ஸ்பூன்ல தண்ணி குடுத்தது அவருதான். நான் சொன்னா வுட்டுருவாங்களா? எழுதுங்க, எழுதுங்க. அப்படியே என்னைய முகாம்ல எறக்கி வுடுங்கப்பா. புள்ள தனியா கெடக்கு."

ஹாரனின் போன் அடித்தது. டாக்டரம்மா. கொட்டகைக்கு வெளியே நகர்ந்து எடுத்தான்.

"வார்டன்கிட்ட சொல்லிடுங்க. மருந்து மாத்திட்டேன். ரெண்டு மூணு பேரு தேறுவாங்க போலத் தெரியுது." ஒரு வாளியை நகர்த்தும் சத்தம் கேட்டது. "ஏழாம் நம்பருக்குப் போட நேரம் இல்லாமப் போச்சு. பன்னெண்டரைக்கே முடிஞ்சுடுச்சு. அம்மாவுக்குத் தகவல் சொல்ல ஆள் இருக்கா?"

ஹாரன் போனைக் கீழே இறக்கினான். வார்டன் அவன் முகத்தைப் படித்துவிட்டாள். அந்தக் கலையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மெல்லப் பக்கத்தில் வந்தாள்.

"ஏழாம் நம்பரா?"

தலையை ஆட்டினான்.

"சொல்லாத."

"வார்டன், அது அவ புள்ள."

"இப்ப சொன்னா இந்த இடத்துலயே விழுந்து பொரளுவா. ரேகை விழாது. மூணு மணிக்குக் கம்பவுண்டர் செத்தான். செத்தது செத்தாச்சு. இருக்கறவனைப் பாரு."

"உனக்கெல்லாம் நெஞ்சுல என்ன இருக்கு?"

"காய்ப்பு," என்றாள் வார்டன். "போய் மைய எடுத்துட்டு வா."

ஆஜர் புத்தகத்துக்கு வைத்திருந்த மைப்பெட்டியை ஹாரன் எடுத்து வந்தான். தண்ணிக்காரி கட்டைவிரலைப் புடவையில் துடைத்துவிட்டு, தினமும் ஆஜருக்கு வைக்கிற பழக்கத்தில் அழுத்தமாக, அழகாக வைத்தாள். ஒரு கோடுகூடக் கலையவில்லை.

"சரியா விழுந்துச்சாப்பா?"

அவன் காகிதத்தை ஊதி மையைக் காயவைத்தான்.

*

ஸ்டேஷனை அடைந்தபோது மூன்றுக்குப் பத்து நிமிஷம். ஜீப்பைத் தெரு முனையிலேயே நிறுத்தச் சொல்லி வார்டன் காகிதத்தோடு கூட்டத்துக்குள் புகுந்தாள். முழங்கையால் இடித்து வழி பண்ணிக்கொண்டு போனாள்.

ஹாரன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பக்கத்து சீட்டில் தண்ணிக்காரி, ஸ்டேஷன் முடிந்ததும் முகாம் என்று நம்பிக்கொண்டு.

"ஏம்ப்பா, மொதல்ல நல்லா வாயடிச்சியே. இப்ப ஏன் பேச மாட்டேங்கற?"

"தொண்டை கட்டிருச்சுக்கா. தூசி."

"டிரம்முல ஒரு வாய் குடிச்சிருக்கலாம்ல." அவள் இடுப்பிலிருந்த காகிதப் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "மவ எழுந்ததும் கஞ்சி குடுக்கலாமா, டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

ஹாரன் வாயைத் திறந்தான். அப்போது ஸ்டேஷன் படியில் இன்ஸ்பெக்டர் மெகாபோனோடு வந்து நின்றார்.

"எல்லாரும் கேளுங்க! மாத்திரை நல்ல மாத்திரை! கம்பவுண்டர் மேல குத்தம் இல்ல! குவாரியில தண்ணி ஊத்தற பொம்பளை, எட்டு மாசமா டிரம்முல மருந்து கலந்திருக்கா! உங்க புள்ளைங்க நாக்குலயும் தடவியிருக்கா! அதனாலதான் மாத்திரை வேலை செய்யல! ரேகை வெச்சு ஒத்துக்கிட்டா!"

அவர் காகிதத்தை மடித்தார்.

அவ்வளவுதான். ஹாரன் எழுதிய பதினோரு வரியில் மேனேஜர் வருகிற நான்கு வரி அவர் வாயிலிருந்து வரவே இல்லை.

"முழுசா படிங்க! யார் குடுத்தாங்கன்னு படிங்க!" என்று வார்டன் கத்துவது தெரிந்தது. முந்நூறு கைதிகளை ஒரே அதட்டலில் உட்கார வைத்த குரல் அது. இப்போது அந்தக் கூட்டத்துக்குள் கல் கிணற்றில் விழுந்த மாதிரி முங்கிப்போனது.

பின்பக்கக் கதவு வழியாகக் கம்பவுண்டரை வெளியே தள்ளினார்கள். ஒருவர்கூட அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் மனைவி ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். இருவரும் சந்துக்குள் மறைந்தார்கள்.

"வுட்டுட்டாங்க! பாத்தியா, வுட்டுட்டாங்க!" தண்ணிக்காரி கைதட்டாத குறை. கிரஷர் பக்கம் நின்றே பாதிக் காது போனவள் அவள். மெகாபோன் கரகரத்தது அவளுக்கு வெறும் இரைச்சல்தான்.

கூட்டம் கலையவில்லை. முகங்கள் இப்படியும் அப்படியும் திரும்பின. துண்டில் கல் அப்படியே இருந்தது. மனைவியைப் புதைத்துவிட்டு வந்த ஒருவன் கழுத்தை நீட்டித் தெரு முனையைப் பார்த்தான். பக்கத்தில் இருப்பவனின் தோளைத் தட்டினான். விரலை நீட்டினான்.

ஹாரன் கண்ணாடியை ஏற்றினான். சாவியைத் திருப்பினான். என்ஜின் இருமியது, நின்றது. மறுபடி திருப்பினான்.

அவர்கள் நடந்து வந்தார்கள். பிறகு ஓடி வந்தார்கள்.

முதல் கல் பானட்டில் விழுந்து எகிறியது. தண்ணிக்காரி குனிந்து, முன் கண்ணாடி வழியாக அந்த முகங்களைப் பார்த்தாள். எல்லாம் தினமும் அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்த முகங்கள்.

"ஏம்ப்பா," என்றாள் அவனிடம். "கம்பவுண்டரைத்தான் வுட்டுட்டாங்களே. அப்புறம் இவங்க யாரைத் தேடறாங்க?"